எலுமிச்சைக் கன்றும் ஸதகாவும்

கொல்லையில் ஓர் எலுமிச்சைக் கன்றைப் பிள்ளையின் கையாலேயே நடச் செய்யுங்கள். ஒளுச் செய்யும் நீர் அதன் வேருக்குப் பாயட்டும்.

சில நாட்களில் பறவை எச்சம் போன்ற புழுக்கள் இலைகளைத் தின்னக் காணலாம். அவற்றை நசுக்கும்படி நாமும் பிள்ளைகளிடம் சொன்னதுண்டு; அது நம் தவறு. அப்புழுக்களே பச்சை நிறமாகி, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாய்ப் பறக்கின்றன. வல்ல நாயனின் படைப்புத் திறனைப் பிள்ளை கண்ணாரக் காணும் பாடம் இது!

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ, பறவையோ, பிராணியோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் நபிமொழி உண்டு. குஞ்சுகளை எடுத்தவர்களிடம், தாய்ப்பறவையிடமே திருப்பிவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூதில் காண்கிறோம்.

ஆகவே மருந்து தெளிக்காதீர்கள். கன்று தாங்காதெனில், புழுவைக் கறிவேப்பிலை மரத்தில் விடச் சொல்லுங்கள். அதையும் அது உண்ணும். நாலு இலையை விட்டுக்கொடுக்கப் பழகிய பிள்ளை, நாளை மனிதருக்கும் இரங்கும், இன்ஷா அல்லாஹ்.