திறந்தநிலைக் கல்வியில் முதல் மாதம்

1962-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1982-இல் ஹைதராபாத்தில் மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றும், 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி புது தில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. பணியில் இருந்துகொண்டே பயில விரும்புவோருக்கு இவை வழி திறந்தன. ஆயினும், சேர்ந்தவர்களுள் பலர் பட்டம் பெறாமலே நின்றுவிடுகின்றனர். பாடத்தின் கடுமையைவிட, அது கோரும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிடாமையே இதற்குப் பெருங்காரணம் எனத் தோன்றுகிறது.

இக்கணக்கிற்கு அடிப்படை கிரெடிட் என்னும் அளவாகும். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பைக் குறிக்கும். பாடநூலைப் படித்தல், ஒலி, ஒளி நிகழ்ச்சிகளைப் பின்பற்றுதல், ஆலோசனை வகுப்பிற்குச் செல்லுதல், ஒப்படைவு எழுதுதல் யாவும் இதில் அடங்கும். 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் வரையமைப்பும் ஆண்டிற்கு 40 கிரெடிட், 1,200 மணி நேரம் என்றே வகுத்துள்ளது.

எடுத்துக்காட்டாக, அரையாண்டில் 4 கிரெடிட் கொண்ட 5 பாடங்களைப் பயிலும் ஓர் அலுவலரைக் கொள்வோம். ஒவ்வொரு பாடத்திற்கும் 120 மணி. ஆக 600 மணி. இதனை 24 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்திற்கு 25 மணி ஆகிறது. அவர் வேலை நாட்கள் ஐந்திலும் மாலையில் 2 மணி வீதமும், சனி, ஞாயிறுகளில் 5 மணி வீதமும் ஒதுக்குவதாகக் கொண்டாலும் 20 மணியே கிட்டும். வாரத்திற்கு 5 மணிக் குறைவு, 24 வாரங்களில் 120 மணியாகிவிடுகிறது. அதாவது, ஒரு முழுப் பாடம் படிக்கப்படாமலே நிற்கும். எந்தப் பாடம் நிற்கும் என்பதைத் தேர்விற்கு முந்திய வாரம் முடிவு செய்வதைவிட, முதல் மாதத்திலேயே முடிவு செய்வது நன்று. தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறுகின்றன. எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இளங்கலைக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் என்றால் 6 ஆண்டுகள் வரையும், முதுகலைக்குக் குறைந்தது 2 ஆண்டுகள் என்றால் 4 ஆண்டுகள் வரையும் அவகாசம் உண்டு. இந்த அவகாசத்தைப் பயன்படுத்துவதை இழுக்காகக் கருதுவோர் உளர். அது தேவையற்ற கூச்சமாகும்.

அஞ்சலில் வரும் நூற்கட்டைப் பிரித்து, அதன் பருமனைக் கண்டு மலைத்து, மீண்டும் கட்டி வைத்துவிடுவோரும் உண்டு. இந்நூல்கள் சாதாரணப் பாடப் புத்தகங்கள் அல்ல. ஆசிரியர் எதிரில் இல்லை என்பதை மனத்தில் கொண்டே இவை எழுதப்படுகின்றன. ஒவ்வொரு பாடமும் தொகுதிகளாகவும், ஒவ்வொரு தொகுதியும் அலகுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். அலகின் தொடக்கத்தில் நோக்கங்களும், இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களும், அவற்றிற்கு விடை எழுத வெற்றிடமும், இறுதியில் விடைக் குறிப்புகளும் இருக்கும். அவ்வெற்றிடத்தை நிரப்பாமல் கடந்து செல்பவர், வகுப்பில் ஆசிரியர் வினவும்போது எழுந்து வெளியே செல்பவரை ஒப்பர். நூற்கட்டு வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டுவதில்லை; பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷ் மின்தளத்தில் பெரும்பாலான பாடங்கள் கிடைக்கின்றன.

ஒப்படைவுகளைப் பற்றி இங்குச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. பெரும்பாலான படிப்புகளில் மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு இவற்றிற்கு உரியது. உரிய காலத்தில் அளிக்காதவர் அப்பாடத்தின் தேர்வை எழுதும் தகுதியை இழக்க நேரும். சென்ற ஆண்டு வினாத்தாளுக்கு விடை எழுதி அனுப்பி ஏமாறுவது அரிதன்று. வினாத்தாளில் அச்சிடப்பட்ட ஆண்டை முதலில் பார்க்க வேண்டும். எழுதியதன் படியையும் ஒப்புகைச் சீட்டையும் பாதுகாத்தல் அவசியம். கடைகளில் விற்கப்படும் ஆயத்த விடைகளைப் படியெடுப்போர் இழப்பது ஒன்றுண்டு: விடைத்தாளின் ஓரத்தில் மதிப்பீட்டாளர் எழுதும் குறிப்பு. தொலைவிலிருந்து பயில்வோருக்கு ஆசிரியரின் குரல் நேரே வந்தடையும் மிகச் சில வழிகளுள் அதுவும் ஒன்று.

கல்வி மையங்களில் நடைபெறும் அறிமுகக் கூட்டம் பெரும்பாலும் வரவேற்புரைகளிலேயே கழிந்துவிடுகிறது. அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் தம் கிரெடிட்டுகளை மணிகளாகவும், மணிகளை வார அட்டவணையாகவும் மாற்றி எழுதுமாறு செய்யலாம். ஒருங்கிணைப்பாளர்கள் இதனை வரும் பருவத்திலேயே தொடங்க இயலும். தனி நிதி ஒதுக்கீடு எதுவும் இதற்குத் தேவையில்லை.