சூமோட்டோ கேஸில் நம் பக்கத்தை யார் பேசுவது?

கேள்வி: ஐயா, 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் எங்கள் மீன் கடைகளை எடுத்தார்கள். கேஸ் போட்டது யார் என்று கேட்டால், யாருமில்லை, ‘சூமோட்டோ’ என்றார்கள். ஆள் இல்லாமல் கேஸ் எப்படி? எங்கள் நியாயத்தை யாரிடம் சொல்வது?
— மீன் விற்கும் பெண், நொச்சிக்குப்பம், சென்னை

பதில்: அம்மா, யாரும் மனுப் போடாமலே ஒரு விவகாரத்தை நீதிமன்றம் தானாகக் கையில் எடுப்பதுதான் சூமோட்டோ. லத்தீன் சொல். பத்திரிகைகளில் ‘தாமாக முன்வந்து’ என்று படித்திருப்பீர்கள். நாளிதழ்ச் செய்தி, ஒரு கடிதம், நீதிபதி கண்ணால் பார்த்தது, எதை வைத்தும் இப்படித் தொடங்கலாம். லூப் ரோட்டு ஆக்கிரமிப்பு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் இப்படித்தான் எடுத்தது.

ஆனால் கேஸ் எப்படித் தொடங்கியது என்பதைத்தான் அந்தச் சொல் காட்டும். தீர்ப்பு முடிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களுக்கு வரும் சிக்கல் வேறு. எதிர்மனுதாரராக அரசு, மாநகராட்சி, போலீஸ் இருப்பார்கள். அவரவர் வக்கீல் அவரவருக்காகப் பேசுவார். ரோட்டோரம் பலகை போட்டு வஞ்சிரம் வெட்டுகிறவர் பெயர் வழக்குக் கட்டில் எங்கும் இருக்காது.

அதற்குத்தான் ‘இம்ப்ளீட் பெட்டிஷன்’: என்னையும் வழக்கில் சேருங்கள் என்று கேட்கும் மனு. தனியாகவும் போடலாம், சங்கமாகவும் போடலாம். எத்தனை வருஷமாக அங்கே விற்கிறீர்கள் என்பதற்கான அட்டை, ரசீது, போட்டோ எல்லாவற்றையும் இணையுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, அப்புறப்படுத்த 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கிறது.

2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு லூப் ரோட்டில் புது மீன் மார்க்கெட் திறந்துவிட்டது. கடை ஒதுக்கீட்டில் உங்களுக்குக் குறை இருந்தால், இன்னொரு சூமோட்டோ வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் மாநகராட்சிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீங்களே ரிட் மனு போடலாம். அந்தக் கேஸில் மனுதாரர் நீங்கள்தான்.