கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வரவில்லையா? பதறாமல் பார்க்க வேண்டியவை



போன மாதம் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு குழுவின் வங்கிக் கடனுக்கான தீர்மான நகல், உறுப்பினர் பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தன. "சாயங்காலம் நாலு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்கம்மா" என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்குத் திறந்தால் வாட்ஸ்அப் வரவில்லை.

"நெட் போயிடுச்சு", "கம்ப்யூட்டரே கெட்டுப்போச்சு" என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். மோடத்தைப் பிடுங்கி மாட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கல்லூரியில் படிக்கும் ஒரு உறுப்பினரின் மகள் வந்து பார்த்தாள். "அத்தை, இதுல தேதியப் பாருங்க" என்றாள். கம்ப்யூட்டர் கடிகாரத்தில் 2009 ஜனவரி 1 என்று இருந்தது! தேதியைச் சரிசெய்ததும் வாட்ஸ்அப் திறந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காகிதம் போய்ச் சேர்ந்தது. ஒரு சின்ன விஷயம் தெரியாததால் 12 பெண்களின் கடன் தள்ளிப்போக இருந்தது. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

இது எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரில் குரோம் போன்ற பிரௌசரில் வாட்ஸ்அப்பைப் பார்ப்பதற்கு வாட்ஸ்அப் வெப் என்று பெயர். இது 2015-ல் வந்தது. அப்போதெல்லாம் செல்போனில் நெட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலும் வராது. 2021-ல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு அப்படி இல்லை. ஒருமுறை இணைத்துவிட்டால் செல்போன் அணைந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் வரும். ஆனால் 14 நாட்களுக்கு மேல் செல்போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். ஒரு செல்போனோடு நான்கு கருவிகள் வரைதான் இணைக்கலாம்.

வரிசையாகப் பார்ப்போம்

1. நெட் இருக்கிறதா? பிரௌசரில் வேறு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு வாட்ஸ்அப்பில் இல்லை, நெட்டில்தான். மோடம் இருந்தால் அரை நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது என்றால் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா, ரீசார்ஜ் முடிந்துவிட்டதா, டவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. தேதி, நேரம் சரியா? ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்று உண்டு. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அது செல்லும் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் "இந்தச் சான்று செல்லாது" என்று நினைத்து அது பக்கத்தைத் திறக்க மறுத்துவிடும். திரையின் கீழே வலது மூலையில் உள்ள நேரத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழையதாக மாறினால், உள்ளே இருக்கும் காசு மாதிரியான சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் சொன்னால் மாற்றித் தருவார். அதற்காக யாராவது புது கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னால் நம்ப வேண்டாம்.

3. இரண்டு இடத்தில் திறந்திருக்கிறதா? ஒரே பிரௌசரில் இரண்டு பக்கங்களில் வாட்ஸ்அப் திறந்திருந்தால் ஒன்றில்தான் வேலை செய்யும். மற்றதில் "யூஸ் ஹியர்" என்று கேட்கும். அதை அழுத்துங்கள், அல்லது தேவையில்லாததை மூடிவிடுங்கள். பிறகு எஃப் 5 பொத்தானை அழுத்தினால் பக்கம் புதிதாக வரும்.

4. கட்டம் போட்ட படம் வருகிறதா? அப்படியானால் இணைப்பு அறுந்திருக்கிறது. திரும்ப இணைக்க வேண்டும். செல்போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, "லிங்க்டு டிவைசஸ்" என்பதற்குள் போங்கள். "லிங்க் எ டிவைஸ்" என்பதைத் தொட்டு, கேமராவை அந்தக் கட்டத்துக்கு நேராகக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் கேமராவை முந்தானையால் துடையுங்கள், திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். நேரமாகிவிட்டால் கட்டம் காலாவதியாகிவிடும், அதன்மேல் அழுத்திப் புதிதாக எடுங்கள். இணைக்கும்போது மட்டும் செல்போனிலும் நெட் இருக்க வேண்டும்.

5. பிரௌசர் பழையதா? பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் வாட்ஸ்அப் வராது. விண்டோஸ் 7 உள்ள கம்ப்யூட்டர்களுக்கு 2023 தொடக்கத்தோடு குரோம் புதிய பதிப்பு வருவது நின்றுவிட்டது. நம் ஊர்ப் பக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. உங்களுடையது அப்படியா என்று பார்த்து வையுங்கள்.

6. எல்லாருக்கும் வரவில்லையா? 2021 அக்டோபர் 4 அன்று உலகம் முழுக்க வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் நின்றது. அந்த மாதிரி நாளில் நம்மால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. பக்கத்துக் குழுவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும். அவசரக் காகிதத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம், அல்லது நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அனுப்பியது போனதா? செய்திக்குப் பக்கத்தில் கடிகாரப் படம் இருந்தால் இன்னும் போகவில்லை. ஒரு டிக் என்றால் நம்மிடமிருந்து போய்விட்டது. இரண்டு டிக் என்றால் அவர்கள் போனுக்குச் சேர்ந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "அனுப்பியாச்சு" என்று எழுந்து போய்விடாதீர்கள்.

கவனம் தேவை

அவசரத்துக்கு ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பைத் திறந்து பிரிண்ட் எடுக்கிறோம். எடுத்த பிறகு "லாக் அவுட்" செய்யாமல் வந்துவிட்டால், நம் குழு உறுப்பினர்களின் ஆதார் படமும் பாஸ்புக் படமும் அந்தக் கம்ப்யூட்டரில் திறந்தே கிடக்கும். மறந்து வந்துவிட்டாலும் வீட்டிலிருந்தே சரிசெய்யலாம். செல்போனில் "லிங்க்டு டிவைசஸ்" பட்டியலைப் பார்த்து, நமக்குத் தெரியாதது எது இருந்தாலும் அதைத் தொட்டு "லாக் அவுட்" கொடுங்கள்.

"சரிபண்ணித் தர்றோம், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்க", "நாங்க சொல்ற நம்பரை வாட்ஸ்அப்ல போடுங்க" என்று யார் கேட்டாலும் செய்யாதீர்கள். நம் செல்போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊக்குநர் இதை உரக்கப் படிக்கட்டும். வாட்ஸ்அப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே "லிங்க்டு டிவைசஸ்" பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். போன் பழக்கம் இல்லாத அக்காக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள். மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, அலுவலகக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நாங்கள் ஒட்டிவிட்டோம். முக்கியமான காகிதத்தை மட்டும் கடைசி மணி நேரத்துக்கு வைக்காமல் முந்தின நாளே அனுப்பிவிடுவோம்.