ஒளிரும் எதிர்ப்பொருள்

நம் செட்டிநாட்டில் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்றும் வெற்றிலைப் பெட்டியைக் காணலாம். விருந்தினர்க்குத் தட்டில் வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கந்தான். ஆனால் ஆயாவும் அப்பத்தாவும் புகையிலையையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்களே, அங்கேதான் வாய்ப் புற்றுநோய் குடிபுகுகிறது. புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது.

இந்நோயைக் கண்ணுக்குக் காட்ட விஞ்ஞானிகள் கையாளும் நூதன முறை ஒன்றைக் காண்போம். கிருமி உடலில் புகுந்தால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும் என்று உயிரியல் வகுப்பில் படித்திருக்கிறோம். ஒவ்வோர் எதிர்ப்பொருளும், பூட்டுக்கேற்ற சாவிபோல, தனக்குரிய இலக்கையே பற்றும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார். அது ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் ஒளியாகத் தெரிந்தது!

வாய்ப் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில், வளரும்படி ஆணை வாங்கும் ஒரு புரதம் பெரும்பாலும் அளவுக்கு மீறி இருக்கும். செடுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் அதைப் பற்றும். இதனுடன் சாயம் சேர்த்து, அறுவைச் சிகிச்சைக்குச் சில நாள் முன்பே இரத்தக் குழாயில் ஏற்றுவர். தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 12 பேரிடம் இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2015இல் வெளியாயிற்று. சாயத்தின் ஒளி சிவப்புக்கும் அப்பாற்பட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, தனிக் கேமரா வேண்டும்.

இதனால் பயன் என்ன? நாக்கில் கட்டியை அகற்றும் மருத்துவர், கட்டி எங்கே முடிகிறது என்று அறியவேண்டும். குறைத்து வெட்டினால் நோய் திரும்பும். கூட்டி வெட்டினால் பேச்சும் விழுங்குதலும் கெடும். அந்த எல்லையைத்தான் ஒளி காட்டுகிறது. எனினும் இம்முறை நம் மருத்துவமனைகளில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அத்தகைய இடங்களுக்கு நோய் முற்றியபின் வருவோரே பலர். முதலில் வலி இராது. ஆகவே ஆயாமார் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாததைப் பார்த்தே அறியலாம் என்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் தெரிவித்தனர்.

முற்றத்து வெளிச்சமும் ஒரு டார்ச் விளக்கும் போதும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதும் திறக்க இயலாமை, இவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதித்து அவர் உறுதி செய்வார்.