நடந்துகொண்டே எண்ணுவோம்: இலேசான அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான இருசெயல் பயிற்சி

பெற்றோர், பேரன் பேர்த்தியர், முன்பள்ளி ஆசிரியர்கள், கிராமமட்டத் தொண்டர்கள் ஆகியோருக்கான பாடம்

தீவகத்தில் மீளக் குடியமரும் குடும்பங்களுக்கு முதல் மாதங்களில் வேலைகள் அதிகம். வளவு துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், வீட்டுத்திட்டப் படிவம் நிரப்ப வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இதற்கிடையில் ஒரு பிள்ளை மட்டும் அடிக்கடி தடக்கி விழுவதையோ, சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பதையோ நின்று கவனிக்க நேரம் கிடைப்பதில்லை. கவனித்தாலும் "சோம்பேறி", "சொல்வழி கேளாத பிள்ளை" என்று ஏசிவிட்டு விட்டுவிடுகிறோம்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு இலேசான அறிவுசார் குறைபாடு இருக்கலாம். அவர்களுக்கு முற்றத்திலேயே, காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு பயிற்சியை இந்தப் பாடம் விளக்குகிறது.

1. ஒரே நேரத்தில் இரண்டு செயல்

ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று வாளியில் பாதியளவு தண்ணீருடன் கிணற்றடியிலிருந்து குசினிக்கு நடக்கிறது. நடை நன்றாக இருக்கிறது. அப்போது அம்மம்மா, "தம்பி எங்கே போய்விட்டான்?" என்று கேட்கிறார். பிள்ளை நின்றுவிடுகிறது, அல்லது பதில் சொல்ல முயன்று தண்ணீரைச் சிந்திவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு நடக்கவும் தெரியும், பதில் சொல்லவும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கடினமாக இருக்கிறது.

நமக்கு நடை பழகிப் போனதால் அதைப் பற்றி யோசிப்பதில்லை. கவனத்தின் பெரும்பகுதி பேச்சுக்கோ வேறு வேலைக்கோ மிஞ்சியிருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு நடைக்கும் சமநிலைக்குமே நிறையக் கவனம் தேவைப்படுகிறது. இரண்டாவது வேலை வந்தவுடன் ஏதாவது ஒன்று கைவிடப்படுகிறது.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. 1997 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 58 முதியவர்களை அவதானித்தார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் 12 பேர் நடையை நிறுத்திவிட்டே பேசினார்கள். அடுத்த 6 மாதங்களுக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். இரண்டு செயல்களைச் சேர்த்துச் செய்யும் திறனுக்கும் விழுவதற்கும் தொடர்பு உண்டு என்பதை இந்தச் சிறிய ஆய்வு பலரும் உணரும்படி செய்தது. பின்னர் இதே எண்ணம் பிள்ளைகளுக்கான இயன்மருத்துவத்துக்கும் வந்தது. உடல் அசைவு ஒன்றையும் கவனம் வேண்டும் வேலை ஒன்றையும் சேர்த்துப் பழக்குவதே இருசெயல் பயிற்சி.

2. இலேசான அறிவுசார் குறைபாடு

நுண்ணறிவு ஈவு ஏறக்குறைய 50 க்கும் 69 க்கும் இடையில் இருந்து, அன்றாட வேலைகளைக் கற்பதிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி பின்தங்கியிருந்தால் அதை இலேசான நிலை என்பார்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தப் பிரிவினரே. இவர்கள் பேசுவார்கள், விளையாடுவார்கள், மெதுவாக எழுத்தும் கணக்கும் கற்பார்கள். வளர்ந்தபின் தொழில் செய்து வாழவும் முடியும். தோற்றத்தில் வித்தியாசம் தெரியாததாலேயே பலர் கண்டறியப்படாமல் போகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இடப்பெயர்வால் பாடசாலை மாறி மாறிப் படித்த பிள்ளையும், பயத்தில் ஒடுங்கிப்போன பிள்ளையும், காது சரியாகக் கேளாத அல்லது கண்பார்வை குறைந்த பிள்ளையும் படிப்பில் பின்தங்கலாம். அது அறிவுசார் குறைபாடு அல்ல. ஆகவே வீட்டில் இருந்தபடி நாமே முடிவு கட்டக்கூடாது. முதலில் கண், காதுப் பரிசோதனை. அதன்பின் வைத்தியரின் மதிப்பீடு.

3. இந்தப் பயிற்சியால் என்ன கிடைக்கும்?

இது குறைபாட்டைக் குணமாக்காது, நுண்ணறிவு ஈவை உயர்த்தாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். கிடைப்பது உறுதியான சமநிலை, குறைவான விழுகைகள், வேலை ஒன்றைச் செய்துகொண்டே சொல்வதைக் கேட்கும் பழக்கம். போலந்து நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ள இளவயதினருக்கு 12 வாரங்கள் இத்தகைய பயிற்சி கொடுத்துச் சமநிலையை அளந்த ஆரம்ப ஆய்வு ஒன்று 2015 இல் வெளிவந்தது. அதில் முன்னேற்றம் காணப்பட்டது. ஆய்வுகள் இன்னும் சிறியவையே. ஆனால் முறையாகச் செய்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லாத பயிற்சி இது.

நமது தீவுகளுக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. வாராவாரம் பிள்ளையைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய் வருவது நாட்கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இயலாத காரியம். சரியான வழிகாட்டல் இருந்தால் குடும்பத்தவரே பயிற்றுநராகலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சமுதாயப் பயிற்சிக் கையேடே வலியுறுத்தியது.

4. தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

• டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இதயக் கோளாறும் கழுத்து எலும்பு மூட்டில் தளர்வும் இருக்கலாம். வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. குட்டிக்கரணம், தலைகீழாக நிற்றல் கூடவே கூடாது.
• வலிப்பு வரும் பிள்ளைக்கு மருந்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். கிணற்றடி, குளக்கரை, கடற்கரையில் பயிற்சி வேண்டாம்.
• இடத்தைத் துப்புரவு செய்யுங்கள். முருகைக்கல், ஓடு, கம்பித் துண்டு இருக்கக்கூடாது. நீண்டகாலம் ஆளில்லாத வளவுகளில் கட்டுச்சுவர் இல்லாத கிணறுகள் பற்றை மூடிக் கிடக்கும். அங்கே விளையாட விடாதீர்கள்.
• காலை அல்லது மாலை, வெயில் தாழ்ந்த நேரம். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். வாரத்தில் 3 அல்லது 4 நாள் போதும்.

5. நான்கு படிகள்

முதலாம் படி: தனித்தனியாக. தரையில் சாம்பலால் நேர்கோடு கீறுங்கள். பிள்ளை அதன்மேல் 10 காலடி நடக்கட்டும். பின்னர் உட்கார்ந்திருந்து 1 முதல் 10 வரை எண்ணட்டும். இரண்டும் தனித்தனியே இலகுவாக வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். எண்ணத் தெரியாவிட்டால் ஆடு, மாடு, குதிரை, நாய் என்று பெயர் சொல்லட்டும். இரண்டாவது வேலை பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருப்பது முக்கியம்.

இரண்டாம் படி: நடையும் கையும். கோட்டில் நடந்துகொண்டு கையில் பனையோலைப் பெட்டியைப் பிடித்துச் செல்லட்டும். பிறகு பெட்டிக்குள் இரண்டு பனங்கொட்டை போடுங்கள். பிறகு சிரட்டையில் பாதித் தண்ணீர்.

மூன்றாம் படி: நடையும் பேச்சும். "நட பிள்ளை, நடந்துகொண்டே எண்ணு" என்று சொல்லுங்கள். நின்றுவிட்டால் ஏச வேண்டாம். "பரவாயில்லை, திரும்ப வருவோம்" என்று தொடங்குங்கள். பின்னர் வீட்டில் உள்ளோரின் பெயர், கிழமை நாட்கள், கடைக்கு வாங்க வேண்டிய மூன்று பொருட்கள் என்று மாற்றலாம்.

நான்காம் படி: மாறும் கட்டளை. பிள்ளை நடந்துகொண்டிருக்க, நீங்கள் ஒருமுறை கை தட்டினால் நிற்க வேண்டும், இருமுறை தட்டினால் திரும்ப வேண்டும். கேட்பது, நினைவில் வைப்பது, உடலைக் கட்டுப்படுத்துவது மூன்றும் இதில் உண்டு.

ஒவ்வொரு படிக்கும் ஓரிரு வாரம் ஆகலாம், சிலருக்கு ஒரு மாதமும் ஆகலாம். மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

6. நமது விளையாட்டுகளே பயிற்சிகள்

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிறோமே, அதுவே நல்ல இருசெயல் பயிற்சி. கால் முன்னே போக வேண்டும், கண்ணும் கையும் தேசிக்காயைக் காக்க வேண்டும். தொடக்கத்தில் கரண்டிக்குப் பதிலாக அகப்பை கொடுங்கள். ஓட வேண்டாம், நடந்தால் போதும்.

கிளித்தட்டில் ஓடிக்கொண்டே மறிப்பவரையும் கவனிக்க வேண்டும். முழுத் தட்டும் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். ஒரே ஒரு கோடும் ஒரே ஒருவர் மறிப்பதுமாகத் தொடங்குங்கள். கொக்கான் வெட்டும்போது மேலே எறிந்த கல்லைப் பார்த்துக்கொண்டு கீழே உள்ளதை அள்ள வேண்டும். நிற்கவோ நடக்கவோ சிரமப்படும் பிள்ளை இதை உட்கார்ந்தே செய்யலாம். கும்மியும் கோலாட்டமும் பாட்டையும் அடியையும் கையையும் ஒன்றாகச் சேர்ப்பவை. ஆச்சிமாருக்கு இவை நன்றாகத் தெரியும், அவர்களையும் பயிற்றுநர் ஆக்குங்கள்.

விளையாட்டில் இன்னொரு நன்மை உண்டு. மற்றப் பிள்ளைகள் இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். புதிதாக வந்த ஊரில் அது சிறிய விடயமல்ல.

7. முன்னேற்றத்தை அளப்பது எப்படி?

ஒரு கொப்பி போதும். வாரத்துக்கு ஒருநாள், ஒரே இடத்தில் அளவிடுங்கள். பிள்ளை கோட்டில் 10 காலடி சும்மா நடக்கும்போது எத்தனை அடி கோட்டுக்கு வெளியே போகிறது? எண்ணிக்கொண்டே நடக்கும்போது எத்தனை? உதாரணமாக முதல் வாரம் சும்மா நடக்கையில் 1, எண்ணும்போது 5 என்றால் வித்தியாசம் 4. ஆறாவது வாரம் அவை 1, 3 ஆனால் வித்தியாசம் 2. இந்த வித்தியாசம் குறைவதே முன்னேற்றம்.

எண்ணியதில் எத்தனை பிழை என்பதையும் எழுதுங்கள். சில பிள்ளைகள் எண்ணுவதை விட்டுவிட்டு நடையை மட்டும் திருத்திக்கொள்வார்கள். இரண்டையும் எழுதினால்தான் உண்மை தெரியும். விழுந்த நாட்களையும் குறித்து வையுங்கள். வைத்தியரிடம் போகும்போது இந்தக் கொப்பியைக் கொண்டு செல்லுங்கள்.

8. ஆபத்தான இடத்தில் ஒரே செயல்

இந்தப் பாடத்தில் மறக்கக்கூடாத பகுதி இது. முற்றத்தில் இரண்டு செயலைப் பழக்குகிறோம். ஆனால் படகு, கிணறு, வீதி ஆகிய மூன்று இடங்களிலும் பிள்ளையிடம் ஒரே ஒரு செயலையே கேட்க வேண்டும்.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகு ஆடிக்கொண்டிருக்கும். ஒருவர் "கையைப் பிடி" என்பார், இன்னொருவர் "பையைத் தா" என்பார், பின்னால் நிற்பவர் "கெதியா ஏறு" என்பார். பிள்ளை குழம்பி நடுவில் நின்றுவிடும். ஆகவே பையை முதலே வாங்கிவிடுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். "காலை வை" என்ற ஒரு சொல் போதும். ஏறி உட்கார்ந்தபின் உயிர்காப்பு அங்கியை அணிவியுங்கள். அதன்பிறகு பேசலாம். படகோட்டியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீதியைக் கடக்கும்போதும் அப்படியே: நில், பார், பிறகு நட. கைபேசி, தின்பண்டம், கதை எதுவும் வேண்டாம்.

9. எங்கே போகலாம்?

• குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் காட்டுங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வழிப்படுத்துவார்.
• நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் தத்தம் தீவின் வைத்தியசாலையில் முதலில் காட்டலாம். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை ஊடாகவும் யாழ். போதனா வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரிடமும் இயன்மருத்துவப் பிரிவிலும் காட்டக் கடிதம் பெறலாம்.
• உதவிக் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். நயினாதீவு வேலணைப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு.
• பாடசாலை, விசேட கல்வி அலகு பற்றித் தீவக வலயக் கல்விப் பணிமனையில் விசாரியுங்கள். சிறப்புப் பாடசாலை தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமி பாடசாலை போன்றவை யாழ்ப்பாணத்தில் உள்ளன.

பாடசாலை சேர்க்க மறுத்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுக்குறைவு காரணமாகக் கல்வி நிறுவனம் ஒன்றில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது. எழுத்தில் காரணம் கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவியுங்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் "சொல்வழி கேளாது" என்று பெயரெடுத்த பிள்ளை உண்டா? அது நிற்பதும் விழுவதும் எந்த நேரங்களில் என்று யாராவது கவனித்தோமா?
2. நாம் சிறுவயதில் ஆடிய விளையாட்டுகளில் எவை இரண்டு செயலைச் சேர்த்தவை? எப்படி இலகுவாக்கலாம்?
3. நமது இறங்குதுறையில் இந்தப் பிள்ளைகள் பாதுகாப்பாக ஏறி இறங்க, படகோட்டிகளோடு என்ன பேசி ஒழுங்கு செய்யலாம்?