வரைபடத்தின் நான்காவது நிறம்

மேல்நிலை முதலாம் ஆண்டு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓபன் ஆஃபீஸ் கால்க் இடம்பெற்றுள்ளது. மதிப்பெண்களை அதில் ஏற்றிப் பட்டை வரைபடம் எடுப்பது ஆசிரியர்களாகிய நமக்கும் பழகிய வேலைதான். ஆனால் பட்டைகளின் நிறத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, செயலியே தருகிறது. முதல் தொடருக்கு அடர்நீலம், இரண்டாவதற்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு, மூன்றாவதற்கு மஞ்சள், நான்காவதற்குப் பச்சை. லிபர் ஆஃபீஸ் கால்க்கிலும் இதே வரிசைதான்.

நம் தேர்வுகளை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். முதல் இடைப்பருவம், காலாண்டு, இரண்டாம் இடைப்பருவம், அரையாண்டு. நாம் அதிகம் ஒப்பிடுவது காலாண்டையும் அரையாண்டையும்தான். அவை இரண்டும் சரியாகச் சிவப்பிலும் பச்சையிலும் போய் விழுகின்றன.

அதனால் என்ன என்று கேட்கலாம். இரண்டு இடங்களில் இது இடறும்.

முதலாவது ஜெராக்ஸ். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குக் கொடுக்க பேரையூரில் நாங்கள் எடுப்பது கறுப்பு வெள்ளைப் படிதான். வண்ணப் படி எடுக்கக் கட்டுப்படியாகாது. கறுப்பு வெள்ளையில் ஒரு நிறம் எவ்வளவு சாம்பலாகத் தெரியும் என்பதைக் கணக்கிடலாம். நிறத்தின் சிவப்பு எண்ணை 0.299 ஆலும், பச்சை எண்ணை 0.587 ஆலும், நீல எண்ணை 0.114 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். விடை 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. கால்க்கின் இரண்டாம் நிறம் 255, 66, 14. விடை ஏறத்தாழ 117. நான்காம் நிறம் 87, 157, 28, விடை 121. தாளில் இரண்டும் ஒரே சாம்பல். தசமப் பெருக்கலுக்கு நல்ல பயிற்சி இது. ஒன்பதாம் வகுப்பில் செய்ய வைத்தேன், ஆர்வமாகச் செய்தார்கள்.

இரண்டாவது, கண். அதே வகுப்பில் திரையில் வரைபடத்தைக் காட்டி, அரையாண்டில் எந்தப் பாடம் குறைந்திருக்கிறது என்று கேட்டபோது ஒரு மாணவன் விரலால் எண்ணினான். "டீச்சர், நாலாவது பட்டைதானே?" என்றான். நிறத்தைப் பார்க்காமல் இடத்தை எண்ணுகிறான் என்பது அப்போதுதான் புரிந்தது. வகுப்பில் எதுவும் கேட்காமல், பிறகு அவன் அம்மாவிடம் பேசினேன். "தக்காளி பறிக்க விட்டா பழத்தோட காயையும் சேத்துப் பறிச்சிட்டு வருவான் டீச்சர். சோம்பேறின்னு திட்டுவேன்" என்றார். கண் மருத்துவர் பார்த்ததில், சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரித்தறிய முடியாதவை என்று தெரிந்தது.

இது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, ஆண்களிடம் அதிகம். ஐரோப்பிய வழியினரில் ஆண்களில் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்பார்கள். நம் நாட்டில் விகிதம் சற்றுக் குறைவு. ரயில்வே வேலைக்கோ ராணுவத்துக்கோ மருத்துவச் சோதனைக்குப் போகும்போதுதான் பல இளைஞர்களுக்கு இது முதன்முதலில் தெரியவருகிறது. அந்த வயதில் தெரிவது கொடுமை. "இது என்ன கலர் சொல்லு" என்று மற்ற பிள்ளைகள் முன்னால் சோதிப்பது அதைவிடக் கொடுமை.

ஜப்பானைச் சேர்ந்த மசாடகா ஒகாபே, கெய் இதோ என்ற இரு அறிவியலாளர்கள், தாங்களே இக்குறை உள்ளவர்கள், அனைவருக்கும் பிரித்துத் தெரியும் நிறத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதிலுள்ள வான நீலம் 86, 180, 233. சாம்பல் கணக்கில் 158. கால்க்கின் முதல் மூன்று நிறங்களும் 56, 117, 204 என்று விலகி நிற்பவை. எனவே நான்காவதான பச்சையை மட்டும் வான நீலமாக்கினால் போதும்; எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

கால்க்கில் 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்' என்று போய், 'சார்ட்ஸ்' என்பதன் கீழ் 'டிஃபால்ட் கலர்ஸ்' என்பதைத் திறந்தால் 12 தொடர்களின் நிறங்களும் வரிசையாகத் தெரியும். நான்காவதைச் சொடுக்கி, பக்கத்து நிறப்பலகையில் அதிகம் வெளிறாத ஒரு வான நீலத்தைத் தேர்ந்து, 'ஓகே' கொடுங்கள். பிடிக்காவிட்டால் அங்கேயே உள்ள 'டிஃபால்ட்' பொத்தான் பழைய நிறங்களைத் திருப்பித் தரும். எக்ஸெலில் 'பேஜ் லேஅவுட்', 'கலர்ஸ்', 'கஸ்டமைஸ் கலர்ஸ்'. அங்கே 'அக்சென்ட் 1' முதல் 6 வரை உள்ளவைதான் பட்டைகளுக்கு வரிசையாக வருபவை. பெயர் கொடுத்துச் சேமித்தால் அடுத்த கோப்பிலும் அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

கால்க்கில் செய்யும் மாற்றம் இனி வரையும் படங்களுக்குத்தான் பொருந்தும். பழைய படத்தில் அந்தப் பட்டையின் மேல் வலச்சொடுக்கிட்டுத் தனியாகத்தான் மாற்ற வேண்டும். அமைப்பு அந்தந்தக் கணினியில் மட்டுமே பதிவாகும் என்பதால், ஆய்வகத்தில் ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை செய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே ஒரு பாடவேளையில் முடித்துவிட்டார்கள்.