கணக்குப் படித்த சிற்பி



நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்காதவர்கள் நம் பள்ளியில் யாரும் இருக்க மாட்டார்கள். 18 அடி உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கன்னியாகுமரியில் கடல் நடுவே பாறை மேல் நிற்கும் திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. நம்ம ஆஞ்சநேயரைப் போல ஏழு மடங்குக்கும் மேலே!

அந்தச் சிலையைப் படத்திலாவது எல்லாரும் பார்த்திருப்போம். செய்தவர் யார் என்று கேட்டால் முழிப்போம். சமூக அறிவியல் பாடத்தில் வரும் இத்தாலி நாட்டுச் சிற்பி மைக்கேலாஞ்சலோவின் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவோம். நம் சிற்பியின் பெயரையும் தெரிந்துகொள்வோம். அவர் வை. கணபதி ஸ்தபதி.

இவர் 1927-ல் காரைக்குடி பக்கத்தில் உள்ள பிள்ளையார்பட்டியில் பிறந்தார். பரம்பரையாகச் சிற்ப வேலை செய்யும் குடும்பம். அப்பா வைத்தியநாத ஸ்தபதியும் பெரிய சிற்பி. வீட்டிலேயே தொழில் இருந்ததால் உளியை எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் இவர் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணக்குப் பாடம் படித்துப் பட்டம் வாங்கினார்!

சிலை செய்ய எதற்குக் கணக்கு என்று தோன்றும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளத்தை ஒரு 'தாலம்' என்பார்கள். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். இது நம்ம ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை. சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். நவதாலம் என்றால் உடம்பு முகத்தைப் போல ஒன்பது மடங்கு, அதாவது 108 அங்குலம். நாம் படிக்கிற விகிதம்தான் இது. விகிதம் தப்பினால் எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் சிலை குள்ளமாகவோ, தலை பெருத்தோ தெரியும்.

வள்ளுவர் சிலையிலும் எல்லாம் கணக்குத்தான். திருக்குறளில் அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம். அதனால் பீடம் 38 அடி. பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டினால் 95. அதனால் சிலை 95 அடி. மொத்தம் 133. முகம் மட்டுமே 10 அடி!

மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கியது, சுமார் 17 அடி. வள்ளுவரை அப்படி ஒரே கல்லில் செய்ய முடியாது. 3,681 கருங்கற்களைக் கரையில் செதுக்கி, பாறைக்குக் கொண்டுபோய், சாரம் கட்டி அடுக்கினார்கள். மொத்த எடை சுமார் 7,000 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் ஏற்றினால் 700 லோடு! உள்பக்கம் கூடாக விட்டிருக்கிறார்கள். 1990-ல் தொடங்கிய வேலை 1999-ல் முடிந்தது. 2000 ஜனவரி 1-ஆம் தேதி சிலை திறக்கப்பட்டது.

அந்தக் கணக்குக்குக் கடலே பரீட்சை வைத்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து அலைகள் மோதின. சிலை அசையவில்லை.

பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம் (1973), சென்னை வள்ளுவர் கோட்டம் (1976) இரண்டும் இவர் கைவண்ணமே. அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் உள்ள இறைவன் கோயிலையும் இவர்தான் வடிவமைத்தார். அதன் கற்களை பெங்களூரு பக்கத்தில் கையாலேயே செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் அப்பாவுக்குப் பிறகு இவரே முதல்வராகி, 1988-ல் ஓய்வு பெற்றார். 2009-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2011-ல் காலமானார்.

இதை நான் ஏன் எழுதினேன் என்றால், ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தாத்தா அம்மி, ஆட்டுக்கல் கொத்தியவர். "கல்லு வேலைக்குப் படிப்பு எதுக்கு?" என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். கணக்கு வராத பிள்ளையைப் பார்த்து, "நீ பட்டறை வேலைக்குத்தான் லாயக்கு" என்றும் சொல்கிறார்கள். இரண்டுமே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கைவேலை செய்கிறவருக்குத்தான் கணக்கு அதிகம் வேண்டும். லாரி பாடி கட்டும் அண்ணன்கள் டேப்பை வைத்து அளந்து குறித்துக்கொண்டுதானே வெட்டுகிறார்கள்? நம்மில் யாராவது ஒன்பதாவதோடு நின்று வேலைக்குப் போகலாம் என்று நினைத்தால், தயவுசெய்து இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பிளஸ் டூ முடித்தால் மாமல்லபுரம் கல்லூரியில் சிற்பத்துக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. உளியும் பிடிக்கலாம், பட்டமும் வாங்கலாம்.

செய்து பாருங்கள்: நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை உங்கள் முகத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் உயரத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். எத்தனை தாலம் வருகிறது என்று இந்தத் தாளின் கீழே உள்ள கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஆசிரியர்களும் எழுதலாம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி